கம்பெனியின் வலது கை

மாதப் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கம்பெனி காவல் காக்கும் மருந்துக் கிடங்கின் கிழக்கு வாசலில் பதினோரு வருஷம் துப்பாக்கியோடு நின்று, போன மாதம் அதே வாசலில் விழுந்துபோன காவலரின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே சுகமா என்று திருப்பிக் கேட்க வேண்டாம், பதில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். பை தைக்கும் பட்டறையில் வார் தைக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கையை மட்டும் திருத்தாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாசலில் தடுப்புக்கட்டையை ஏற்றி இறக்குகிறவர் இருக்கிறாரே, எல்லாரும் கட்டை என்று கூப்பிடுகிறவர், அவர்தான் உங்கள் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணி, நாலாம் பக்கம் பாருங்க, அண்ணன் படம் போட்டிருக்காங்க" என்றார். பார்த்தேன். "அன்னார் நமது நிறுவனத்தின் வலது கையாக விளங்கினார்" என்று போட்டிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன் ஐயா. என் வீட்டுக்காரர் செத்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அடக்க முடியாமல் சிரித்ததைப் பார்த்துக் கட்டை பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்தே பீச்சாங்கைக்காரர். ஆணி அடிப்பது, கதவு திறப்பது, எனக்குத் தலை பின்னிவிடுவது, கோபம் வந்தால் தட்டைத் தள்ளுவது எல்லாம் இடது கைதான். சின்ன வயசில் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் துணியால் கட்டிவைத்து, எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றிவிட்டாராம். மீதி எல்லாவற்றுக்கும் துணி போதவில்லை போலிருக்கிறது.

அந்தப் படத்தையும் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு ஆள் அவரா என்றே சந்தேகம். துப்பாக்கி உறை வலது இடுப்பில் இருக்கிறது. வலது மணிக்கட்டில் கட்டுகிற கைக்கடிகாரம் இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டது. மூக்குக்குப் பக்கத்து மச்சமும் கூடவே போயிருக்கிறது. நான் தையல்காரி, சட்டையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பொத்தான் பட்டி பெண் பிள்ளை சட்டை மாதிரி மாறிக் கிடக்கிறது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். பெயர்ப்பட்டையில் எழுத்து திரும்பித் தெரியும் என்று அதையும் அழித்துவிட்டீர்கள். ஏன் இப்படி என்று கட்டையை விட்டு விசாரித்தேன். "உறை இடது பக்கம் இருந்தா யூனிபார்ம் விதிக்குச் சரியா வராதாம் அண்ணி" என்றார். சரிதான். பதினோரு வருஷமாகக் கம்பெனியால் செய்ய முடியாததை உங்கள் அச்சகம் ஒரே நாளில் செய்து முடித்துவிட்டது. செத்த பிறகாவது மனுஷன் விதிக்குச் சரியாக வந்துவிட்டார்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு அவர் என் கத்தரிக்கோலை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். "இதை இடது கையில பிடிச்சு வெட்டிப் பாரு" என்றார். வெட்டினேன். துணி இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கிக்கொண்டதே தவிர ஒரு நூல் அறுபடவில்லை. "இதான் என் பொழப்பு" என்றார். துப்பாக்கியின் பூட்டு அதன் இடது கன்னத்தில் இருக்கிறதாம். வலது கையில் பிடித்தால் கட்டை விரல் தானாகப் போய் அதன் மேல் உட்காருமாம், ஒரு தட்டுத் தட்டினால் பூட்டு விலகிவிடும், அது விலகினால்தான் குண்டு பாயும். இடது கையில் பிடித்தால் கட்டை விரல் கதவில்லாத பக்கம் சுவரைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சுட்டால் சூடான வெற்றுத் தோட்டா வலது பக்கம் தெறிக்குமாம். இவர் பிடிக்கிற பிடியில் அது மூஞ்சிக்குக் குறுக்கே வந்து சட்டைக் காலருக்குள் விழும். ஒரு தடவை கழுத்தில் சிவப்பாக ஒரு தழும்போடு வீட்டுக்கு வந்தார். துப்பாக்கி சுட்டது என்றார். துப்பாக்கி சுடுகிறவரையே எப்படிச் சுடும் என்று நான் நம்பவில்லை. வேறு என்னவோ என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளை இப்போது யாரிடம் போய்க் கேட்பது.

இன்னொரு நாள் முகம் செத்துப்போய் வந்து, "மேகசின் கீழ விழுந்துருச்சு, அதுவும் முதலாளி ஷூ மேல" என்றார். நான் உங்கள் பத்திரிகையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "எடுத்துக் கையில கொடுத்திட்டு வர வேண்டியதுதானே, படிக்காமலா போயிடுவார்" என்றேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார். அதற்குப் பிறகுதான் தெரியும், தோட்டா அடுக்குகிற பெட்டிக்கும் மேகசின் என்றுதான் பெயராம். அதை விடுவிக்கிற பொத்தானும் அதே இடது கன்னத்தில்தான். இடது கையால் இறுக்கிப் பிடித்தால் விரல் அதை அமுக்கிவிடுகிறது. முதலாளி பார்வையிட வந்த அன்று வரிசையில் நின்றவர் துப்பாக்கியை உருவ, தோட்டாப் பெட்டி நழுவி அந்த மனுஷன் கால் மேல் டொக்கென்று விழுந்திருக்கிறது. உங்கள் மேகசின் விழுந்தால் ஒருவர் காலும் வலிக்காது, ஒன்றும் கனமில்லை.

ஆறு தடவை மனு எழுதினார் ஐயா. இரண்டு பக்கமும் பூட்டு வைத்த துப்பாக்கி ஒன்று கொடுங்கள் என்று. முதல் மனுவைப் படித்துவிட்டுப் பெரிய அதிகாரி கூப்பிட்டுக் கேட்டாராம்: "வலது கையால இவ்வளவு அழகா எழுதுறீங்க, சுடறதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" பாருங்கள், குறையைச் சொல்ல எழுதின மனுவே குறை இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டது. இரண்டாவது மனுவுக்கு, முப்பது நாள் வலது கையால் சுட்டுப் பழகச் சொன்னார்கள். பழகினார். முடிவில் பரீட்சை வைத்ததில் இவருடைய குறி அட்டையில் ஒரு ஓட்டை கூட இல்லை. பக்கத்தில் நின்றவர் அட்டையில் அவர் சுட்டதற்கு மேல் ஏழு ஓட்டை அதிகம். அந்த வருஷக் கோப்பையைப் பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்தார்கள். அதுவும் உங்கள் பத்திரிகையில் வந்தது, எடுத்துப் பாருங்கள். மூன்றாவது மனுவோடு ஆயுத அறைக்காரரிடம் போனார். "இருக்குப்பா, நீ கேக்கற மாதிரியே ஒண்ணு இருக்கு, அதிகாரிங்களுக்குன்னு வாங்கினது" என்றாராம் அவர். "குடுங்க சார்." "அது பெரிய அதிகாரி மேசை டிராயர்ல இருக்கு. சாவி அவர்கிட்ட இருக்கு. அவர் அதைத் தொட்டே பார்த்ததில்ல, அதனால பத்திரமா இருக்கு." மிச்ச மூன்று மனுவுக்கும் பதில் வரவில்லை. நான்தான் பொறுக்க முடியாமல் பட்டறையில் மிஞ்சின தோலை வெட்டி இடது இடுப்புக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். என்னால் ஆனது உறைதான். பூட்டை ஊசி நூலால் மாற்றித் தைக்க முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததைக் கட்டை சொன்னதுதான். பகல் பதினொன்றரை மணி. சரக்கு வண்டி மாதிரி ஒன்று வந்து நின்று, அதிலிருந்து மூன்று பேர் இறங்கியிருக்கிறார்கள். முதல் ஆள் கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் இவர் உறையிலிருந்து உருவிவிட்டார். "சட்டுன்னுதான் எடுத்தார் அண்ணி. அவன் குறி வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துட்டார். அப்புறம் பூட்டை விடுவிக்கக் கட்டை விரல் தேடுது பாருங்க, சாவியைத் தொலைச்சவன் வீட்டு வாசல்ல நின்னு சட்டைப் பையைத் தடவுற மாதிரி." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது கட்டையால். விசாரணை அறிக்கையில் ஒரே வரி எழுதியிருக்கிறார்கள்: "ஆயுதத்தின் பூட்டை உரிய நேரத்தில் விடுவிக்கத் தவறிய கவனக்குறைவு." வீட்டில் கேஸ் அடுப்பை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார் அந்த மனுஷர். அவருக்குக் கவனக்குறைவாம்.

செத்தவரைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரை. அன்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் நின்ற இடத்தில் இப்போது இவளைத்தான் நிறுத்தியிருக்கிறார்களாம். துக்கம் விசாரித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இடது கையால் வாங்கினாள். "உனக்கும் இந்தக் கையா?" என்றேன். தலையாட்டினாள். "அக்கா, எனக்கு அண்ணன் வச்சிருந்த அதே துப்பாக்கிதான் குடுத்திருக்காங்க, நம்பர் கூட மாறல. அந்தப் பூட்டை அண்ணன் எப்படி எடுப்பாரு? ஏதாவது வழி வச்சிருப்பாருல்ல?" என்றாள். வழி இருந்தது. ஆள்காட்டி விரலை மடக்கிக் கீழேயிருந்து நெம்புவார். நாலு தடவைக்கு ஒரு தடவை சரியாக வரும். என் கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்து, பூட்டு இங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள் என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தேன். அவள் முப்பது தடவை நெம்பிப் பார்த்தாள். புருஷனை வழியனுப்பின வழியை நானே இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. போகும்போது என் பட்டறைச் சீட்டின் பின்னால் போன் நம்பர் எழுதிக்கொடுத்து, "வேற ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்கக்கா, வீட்ல ரெண்டு பிள்ளைங்க" என்றாள்.

அதனால் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த மாதம் அதே நாலாம் பக்கத்தில் ஒரு திருத்தம் போட வேண்டும். "அன்னார் வலது கை அல்ல, இடது கைக்காரர். அவரிடம் இருந்தது கவனக்குறைவு அல்ல, வலது கைக்காரர் துப்பாக்கி. அதே துப்பாக்கி இன்னும் அதே வாசலில் இருக்கிறது" என்று. நீங்கள் அச்சில் போட்டால் அதிகாரி படிப்பார், டிராயரைத் திறப்பார். கையால் எழுதின ஆறு மனுவை அவர் மதிக்கவில்லை. அந்தக் கையை என் வீட்டுக்காரரோடு சேர்த்து அனுப்பியாகிவிட்டது. இடது கையைப் பார்த்து யாரும் வலது என்று எழுதுவார்களா ஐயா, எழுதுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா.

உங்கள் கையும் காலும் உங்கள் பிள்ளைகளின் கையும் காலும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கட்டும். அச்சகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் என் வணக்கம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிழக்கு வாசல் இடது கைக்காரரின் மனைவி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்கு முன்னால், அந்த ஆறு மனுவின் நகலையும் சேர்த்து வைக்கலாம் என்று தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அவர் வேலைக்குச் சேர்ந்த படிவத்தின் நகல் இருந்தது. முழுக்க என் எழுத்து. அன்றைக்கு, "நீயே எழுது, உன் எழுத்துதான் குண்டு குண்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். ஆயுதம் என்ற தலைப்பின் கீழ் ஒன்பதாவது கேள்வி, "எழுதும் கை எது?" கதவுக்கு வெளியே நின்று, "எழுதும் கைன்னு கேட்டிருக்கான், என்ன போட?" என்று கேட்டேன். "என்ன கேட்டிருக்கானோ அதுக்குப் பதில் எழுது" என்றார் தண்ணீர் சத்தத்துக்கு நடுவில். அவர் எழுதுவது வலது கையால்தானே. வலது என்று எழுதிவிட்டேன், குண்டு குண்டாக. ஆகையால் ஐயா, நீங்கள் எதையும் திருத்த வேண்டாம், வலது என்று முதலில் எழுதினவள் நான்தான். மேலே எழுதின எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் படிவத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அவள் எனக்குப் போன் நம்பர் எழுதிக்கொடுத்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வலது கையால்தான் எழுதினாள்.