‘மோசமாப் போனா’ டீச்சரின் கடைசிப் பரீட்சை

தமிழ்நாடு–கேரளா எல்லையில் இருக்கிற எங்கள் கம்பம்மெட்டில் உள்ள மூளைகளையெல்லாம் சல்லடையில் போட்டு ஏலத்துக்கு விட்டால், முதல் தரம் என்று தனியாக எடுத்து வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மூளை என் ஏலக்காய் ஸ்டோர் மாடியில் பதினோரு மாதம் குடியிருந்தது. இரண்டாவது மூளை என்னுடையது என்று ஊரில் பேச்சு. நான் மறுப்பதில்லை.

எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு மூன்றாம் வகுப்போடு முறிந்துவிட்டது. இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்தவன் நான். இன்று பச்சைக் காயை உலர்த்தித் தரம் பிரிக்க எனக்குச் சொந்த ஸ்டோர் இருக்கிறது, வாசலில் ஜீப்பு நிற்கிறது. ஒரு காயைத் தூக்கிப் போட்டு அது விழும் சத்தத்தை வைத்தே எந்த மலைக் காய் என்று சொல்லுவேன். இப்பேர்ப்பட்ட என்னையே ஒரு பெண்பிள்ளை வாயடைக்க வைத்தார் என்றால் அவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது.

அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊருக்கு அவர் ‘மோசமாப் போனா’ டீச்சர். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தவர். முப்பத்தாறு வயதில் எம்.டெக் கம்ப்யூட்டர் படிக்கப் போனார். எல்லாப் பேப்பரும் பாஸ். ஆல்காரிதம் என்ற ஒரே ஒரு பேப்பர் மட்டும் இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. மூன்றாவது தடவைதான் கடைசி வாய்ப்பு. பாஸானால் மலைக்குக் கீழே ஒரு காலேஜில் லெக்சரர் வேலை காத்திருந்தது. அதுவும் போனால் படித்த படிப்பெல்லாம் வீண், பழையபடி லயத்து ட்யூஷன்தான். போனில் பாடம் கேட்டுப் படிக்க லயத்தில் சிக்னல் கிடையாது. என் மொட்டை மாடியிலோ இரண்டு மாநிலத்து டவரும் போட்டி போட்டுக்கொண்டு வரும். அதனால்தான் இங்கே ரூம் கேட்டு வந்தார்.

அறையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது. காலையில் ஆறு மணிக்கு என்றேன்.

“மோசமாப் போனா, அண்ணாச்சி?”

“எட்டு ஆகும்.”

“அதை விட மோசமாப் போனா?”

“வராது.”

அப்பாடா என்று சிரித்துவிட்டு, அன்றைக்கே மூன்று குடம் வாங்கினார்.

அந்தப் படிப்பே அப்படியாம். ஒரு வேலையை எந்த வழியில் செய்தால் எத்தனை ஸ்டெப்பில் முடியும், நேரம் சரியில்லாவிட்டால் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் பார்ப்பதுதான் ஆல்காரிதம். டீக்கடையில் இரண்டு நிமிஷம் என்றால் இவர் மோசமாப் போனா என்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடமே கேட்டுவிட்டார். அவர்கள் மோருக்குக்கூட நிற்கவில்லை.

ஒரு நாள் இருபத்தேழு மூட்டை கட்டி அடுக்கிவிட்டோம். ஏதோ ஒரு மூட்டையில் இரண்டு கிலோ குறைகிறது, எது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றச் சொன்னேன். டீச்சர் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். ஒன்பது ஒன்பதாக மூன்று பங்கு வைத்து, ஒரு பங்கை இன்னொரு பங்கோடு எடை பார்த்தால் எந்தப் பங்கில் குறை என்று தெரிந்துவிடும். அந்த ஒன்பதை மும்மூன்றாகவும், அந்த மூன்றை ஒவ்வொன்றாகவும் பிரித்தால் மூன்றே ஸ்டெப்பில் ஆள் அகப்பட்டுவிடும் என்றார். அதன் அழகைக் கேட்டு நான் அசந்துபோனேன். ஆனால் ஒன்பது மூட்டை ஒன்றாக ஏறுகிற தராசுக்கு எங்கே போவது? லாரி எடை போடும் மேடைக்கு ஜீப்பில் ஒன்பது மூட்டை போனது, வந்தது. அடுத்த ஒன்பது போனது, வந்தது. இரண்டுக்கும் ஒரே எடைதான் காட்டியது. பத்துக் கிலோவுக்குக் கீழே அந்த மேடைக்குக் கண் தெரியாது என்று அங்கே இருந்தவர் சாவகாசமாகச் சொன்னார். நாங்கள் திரும்பி வருவதற்குள், ஸ்டோரில் கிடந்த மிச்ச ஒன்பதைச் சுமைக்காரர்கள் சும்மா இருக்க மாட்டாமல் சின்னத் தராசில் போட்டுப் பார்த்து, குறை மூட்டையைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு படித்தவர் என்றால் மேடையைக் குறை சொல்லியிருப்பார். டீச்சர் சுமைக்காரர்கள் முன்னால் போய் நின்றார். “மூணு ஸ்டெப்புன்னு சொன்னது என் தப்புண்ணே. ஒவ்வொரு ஸ்டெப்புக்குள்ளயும் ஒரு முதுகு இருக்குங்கிறதைக் கணக்குல எடுக்கலை.” சொன்னதோடு நிற்காமல் அதை நோட்டிலும் எழுதி வைத்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். தப்பை நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கே கிடையாது. தப்பு குறைவு என்பதும் ஒரு காரணம்.

இவ்வளவு கெட்டிக்காரர் இரண்டு தடவை எப்படிக் கோட்டை விட்டார்? கேட்டே விட்டேன். ஆறு கேள்வி, மூன்று மணி நேரம். டீச்சர் இரண்டே கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கிறார். அந்த இரண்டுக்கும் முழு மார்க்கு. எழுதினதைத் திரும்பப் பார்ப்பார், ஒரு மோசமாப் போனா ஞாபகம் வரும், அதை எழுதுவார், அதற்கு ஒரு மோசமாப் போனா வரும். மணி அடிக்கும்போது மிச்ச நாலு கேள்விக்கும் தாள் வெள்ளையாக இருக்கும்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது காய் பொறுக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அங்கே நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. வெடித்த காய், வெளுத்த காய், நல்ல காய் எல்லாவற்றையும் பார்த்த மாத்திரத்தில் அதனதன் குவியலில் போட வேண்டும். கையை விட்டு விழுந்த காயைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுக்க ஆரம்பித்தால் பொழுது சாய்ந்தாலும் ஒரு மூட்டை தீராது. இதைக் கேட்டதும் டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். இது அவர் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமாம். வைத்த அடியைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போகிற வழி என்று அதற்கு ஒரு தனிப் பெயரே உண்டாம். நான் மூன்றாம் வகுப்பில் கண்டுபிடித்ததை அவர்கள் எம்.டெக்கில் நடத்துகிறார்கள்.

தானும் காய் பொறுக்குகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். முதல் நாள் ஒவ்வொரு காயையும் விரலில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்து, காம்பு பார்த்து, குவியலில் போட்டு, மறுபடி எடுத்தார். பக்கத்தில் இருந்த செல்லக்கிளிக்கும் அவர் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் பத்து வயது கூடுதல்.

“ஏன் டீச்சர், காயைத் தரம் பிரிக்கிறீகளா, இல்ல கட்டிக்கப் போறீகளா? இம்புட்டு நேரம் பாக்குறீக.”

“தப்பாப் போட்டுட்டா?”

“தப்பாத்தான் போடுவீக. நூத்துக்கு நாலு போகும். அந்த நாலுக்காக மூட்டையே கிடக்கட்டுமா?”

டீச்சர் கையிலிருந்த காயைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். மறுநாளிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் காய், பிறகு மாடியில் படிப்பு. மூன்று வாரத்தில் செல்லக்கிளி தட்டு காலியாகும்போது டீச்சர் தட்டில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது. நோட்டிலும் அதே சட்டம் வந்துவிட்டது. ஒரு கேள்விக்கு அரை மணி, மணி அடித்தால் அடுத்த பக்கம். நான்தான் கீழேயிருந்து தகர டின்னைத் தட்டுவேன். அந்தப் பட்டத்தில் என் பங்கு கொஞ்சநஞ்சமில்லை.

பரீட்சை அன்று ஜீப்பில் நானே கூட்டிப்போனேன். மண்சரிவு, பஞ்சர், ஹர்த்தால், செக்போஸ்ட் என்று எல்லா மோசத்துக்கும் நேரம் ஒதுக்கிக் கிளம்பினோம். ஒன்றும் நடக்கவில்லை. காலேஜ் வாட்ச்மேன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போய் நின்றோம்.

மூன்று மணி நேரம் வாசலில் நடந்தேன். கடைசி ஆளாக வந்தார்.

“ஆறா?” என்றேன்.

“ஆறும் எழுதிட்டேன் அண்ணாச்சி. மூணாவதுல ஒரு தப்பு இருக்கு. அஞ்சாவது எழுதும்போது தெரிஞ்சுச்சு.”

“திருத்தலையா?”

“கை அரிச்சுச்சு. திரும்பல.”

வழியெல்லாம் அந்த மூன்றாவது கேள்வியை நினைத்து அழுதுகொண்டே வந்தார். நான் வளைவுகளை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

ரிசல்ட் வந்த அன்று போனைத் திறந்தவர், பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் நீட்டினார். ஐம்பது எடுத்தால் பாஸ் என்று சொல்லியிருந்தார். எழுத்தோடுதான் எனக்குத் தகராறு, எண்ணோடு கிடையாது. ஐம்பத்து நாலு என்று படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார், படித்தேன். கீழே பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் மாடிப்படியில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை என்றார், படித்தேன். கண்ணைத் திறக்காமலே, “இன்னும் ஒரே ஒரு தடவை, அண்ணாச்சி” என்றார்.

ஏலத்தில் பெரிய பெரிய வியாபாரிகளுக்கு மேலே கேட்ட குரல் என்னுடையது. அன்றைக்கு அது வெளியே வரவில்லை. செல்லக்கிளிதான் போனை வாங்கிப் படித்தாள்.