இன்றைக்கு இவ்வளவுதான்

மனித குலம் வேலையைத் தொடங்கக் கற்றுக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதை ஒழுங்காக முடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவுக்கு நான் தலைவன். தண்ணீர் வராவிட்டாலும், வந்த தண்ணீரோடு வரக்கூடாததெல்லாம் வந்தாலும், ஜனங்கள் என் மேஜைக்குத்தான் வருவார்கள். பதினேழு வருடமாக அந்தப் புகார்களை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கையில் அல்ல, தலையில். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் விரலால் கையெழுத்துப் போடுவேன். தூக்கத்தில் "அடுத்தவர் வரலாம்" என்று கூப்பிடுவேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வர்றதுக்கு இங்க ஏதுங்க இடம்? கட்டிலே சின்னது" என்பாள்.

இந்த நிலையில்தான் தலைமையகம் எங்களுக்கு "மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி" அளித்தது. பயிற்சியாளர் சட்டையில் ஒரு மைக்கும் முகத்தில் ஒரு சிரிப்புமாக வந்தார். இரண்டையும் கடைசிவரை கழற்றவில்லை.

"இன்னிக்கு சாயங்காலத்தை ஒழுங்கா முடிச்சீங்கன்னா, நாளைக்குக் காலையில டென்ஷனே இருக்காது" என்றார். கடைசிப் பதினைந்து நிமிடத்தை அதற்கென்று ஒதுக்க வேண்டும். மறுநாள் வேலைக்குப் பட்டியல் போட்டு, மேஜையைத் துடைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டு, "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

பதினைந்து நிமிடத்தில் மோட்சம்! மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் குறிப்பெடுத்தேன்.

எந்த நல்ல விஷயமும் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் சுற்றறிக்கை ஆகாமல் வெளியே போக முடியாது. என்னுடையதற்கு "நாள் நிறைவு நெறிமுறை" என்று பெயர் வைத்தேன்.

எங்கள் தலைமை எழுத்தருக்கு "பார்க்கலாம்" என்று பட்டப்பெயர். முப்பது வருடத்தில் அவர் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை; முடித்துக் கொடுத்ததும் இல்லை. சுற்றறிக்கையைப் படித்துவிட்டு நியாயமான ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"பட்டியல் போடப் பதினஞ்சு நிமிஷம் போதாதே சார். எதைப் போடுறதுன்னு முதல்ல பேச வேண்டாமா?"

"பேசணும்தான்."

"பேசுறதுக்கு முன்னாடி மேஜையைத் துடைச்சிட்டா மனசு தெளிவா இருக்கும்."

"அதுவும் சரிதான்."

"துடைச்ச மேஜையில மறுபடியும் காகிதத்தை வெச்சா, துடைச்சது வீணாப் போயிடுமே சார்."

எவ்வளவு பெரிய உண்மை! இப்படியாக, நாலே முக்காலுக்குத் தொடங்கிய நாள் நிறைவு நாலு மணிக்கு நகர்ந்தது. பிறகு மூன்றரைக்கு வந்து உட்கார்ந்தது. அதற்கும் முன்னால் நகர்த்த முயன்றபோது தட்டச்சர் மட்டும் துணிந்து எதிர்த்தார். "மூணு மணிக்கு டீ வரும் சார்" என்றார். கொள்கைப் பிடிப்பு உள்ளவர்களை நான் மதிப்பவன். விட்டுவிட்டேன்.

பலன் கைமேல் கிடைத்தது. தூக்கம் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. காலையில் சீட்டியடித்துக்கொண்டே அலுவலகம் போனேன். மேஜைமேல் பட்டியல் காத்திருக்கும். அதன் முதல் வரி தினமும் ஒன்றேதான் என்பதை நான் ஒரு நிலைத்தன்மையாகவே கருதினேன்.

அந்த முதல் வரி ஒரு தையல்காரம்மா. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர். தெருவின் கடைசியில் தனியாக ஒரு சின்ன வீட்டில் இருந்தார். வாரியத்தின் பெரிய குழாய் அவர் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டித்தான் போகிறது.

"சுவர்ல கை வெச்சா சில்லுன்னு இருக்கு சார். அடியில சலசலன்னு சத்தம் கேக்குது. நேத்து விரிசல்ல ஒரு விரல் போச்சு, இன்னிக்கு ரெண்டு விரல் போகுது" என்றார், கையில் மனுவோடு.

கைவேலையை முடித்து, பேருந்து பிடித்து அவர் வந்து சேரும்போது மணி மூன்றே முக்கால் ஆகிவிடும். அதற்குள் நாங்கள் மேஜையைத் துடைத்திருப்போம்.

"மேஜை காலியாத்தானே சார் இருக்கு? இதை வெச்சுட்டுப் போறேனே."

"காலியா இல்லம்மா. நிறைவா இருக்கு."

"அப்ப என் சுவரு?"

"நாளைக்குப் பட்டியல்ல முதல் பேரே உங்களுதுதான்."

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க?"

"நேத்து சொன்ன நாளைக்கு வேற, இன்னிக்குச் சொல்ற நாளைக்கு வேறம்மா" என்று பொறுமையாக விளக்கினேன். மன அழுத்தம் இல்லாதவனால்தான் அவ்வளவு பொறுமையாக விளக்க முடியும்.

காலையில் செய்து தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காலையில் பட்டியலைப் படிப்போம். சுலபமான வரிகளை முதலில் முடிப்போம். குழாய்க்குத் தெருவைத் தோண்ட வேண்டும், தோண்ட மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது கையெழுத்து வருவதற்குள் மூன்றரை வந்துவிடும்.

ஒரு மாலை இந்த வெற்றிக் கதையை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நானும்தாங்க முடிச்சுட்டு வர்றேன். ஆனா அடுத்து வர்றவகிட்ட வார்டை ஒப்படைச்சுட்டு வர்றேன். யாருக்கு ஊசி போட்டாச்சு, யாருக்கு மூச்சு வாங்குதுன்னு கட்டில் கட்டிலா நின்னு சொல்லிட்டுத்தான் வர்றேன். நீங்க யார்கிட்ட ஒப்படைக்கிறீங்க?"

"நாளைக்கிட்ட."

"நாளைக்கு யாரு டூட்டி?"

"நான்தான்."

அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நர்ஸுகளுக்கு நிர்வாகம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மனுவோடு வரத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் தையல்காரம்மா வேலையைப் போட்டது போட்டபடி விட்டு, மூன்று மணிக்கே வந்துவிட்டார். டீ நேரம் என்பதால் பெஞ்சில் உட்காரச் சொன்னோம். டீ முடிந்ததும் மூன்றரை ஆகிவிட்டது. மேஜைகளைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடினோம். அவர் எதிரே உட்கார்ந்திருப்பது மூடிய கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் மூச்சில் கவனம் வைக்க வேண்டும் என்பது விதி.

வாசலில் யாரோ ஓடிவந்து கத்துவது கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்.

"அக்கா! உங்க சுவரு விழுந்துடுச்சு!"

"பார்க்கலாம்" கண்ணைத் திறக்காமலே "பார்க்கலாம்" என்றார்.

நான் திறந்துவிட்டேன். தையல்காரம்மா கத்தவில்லை, அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள யாரும் இல்ல. நான்தான் இங்க இருக்கேனே" என்றார். மனுவை மடித்தபடி, "மிஷின் இருக்கு" என்றார்.

அன்றுதான் முதல்முறையாக அந்த வீட்டைப் பார்த்தேன். செங்கல் குவியலுக்கு அடியில் தையல் மிஷினின் சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. எங்கள் ஃபிட்டர் வந்து, தெரு முனையில் ஒரு இரும்பு மூடியைத் தூக்கி, நீளச் சாவியை உள்ளே விட்டுத் திருகினார். சலசலப்பு நின்றது.

"எவ்வளவு நேர வேலைப்பா இது?"

"வால்வை மூடுறதா? ஏழு நிமிஷம் சார். இதுக்கு யார் கையெழுத்தும் வேணாம், ஒரு போன் போதும். தோண்டுறதெல்லாம் அப்புறம்தானே. இந்த அழுத்தத்துக்கு இத்தனை நாள் சுவரு நின்னதே பெருசு."

எங்கள் மூச்சுப் பயிற்சி மட்டும் பத்து நிமிடம்.

தையல்காரம்மா நனைந்த சீருடைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிழிந்துகொண்டிருந்தார். நானும் ஒரு செங்கல்லை எடுத்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. துடைத்த மேஜைக்குப் பழகிய கை.

விசாரணைக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பளபளத்த மேஜைகளையும், தேதிவாரியாக அடுக்கிய பட்டியல்களையும் கண்டு நெகிழ்ந்துபோனார்.

"சுவர் விழுந்த நேரத்துல அந்தம்மா எங்க இருந்தாங்க?"

"நம்ம பெஞ்சுல சார்" என்றார் "பார்க்கலாம்".

"ஆக, நீங்க காக்க வெச்சதால உயிர் தப்பினாங்க!"

அப்படியே அறிக்கையில் ஏறியது: "பொதுமக்களில் ஒருவரை, ஆபத்தான நேரத்தில் ஆபத்தான இடத்தில் இல்லாதவாறு பார்த்துக்கொண்டமைக்காக" எனக்குப் பாராட்டு. நான் வாயைத் திறந்து மறுக்கவில்லை. மறுத்திருந்தால் மன அழுத்தம் வந்திருக்கும்.

நடைமுறைக்காக அதிகாரி தையல்காரம்மாவையும் கேட்டார். "உங்களுக்கு ஏதாவது புகார் இருக்காம்மா?"

அவர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கு சார். ஆனா மணி மூணே முக்கால் ஆயிடுச்சே. நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பொதுமக்களுக்கே நெறிமுறை மனப்பாடம் ஆகிவிட்டதாக அதிகாரி மகிழ்ந்தார்.

இப்போது என்னை ஊர் ஊராக மற்ற அலுவலகங்களுக்கு அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இப்படி நாளை முடிச்சா மன அழுத்தம் நிஜமாவே போயிடுமா சார்?" என்று கேட்டார்.

"போயிடும்" என்றேன். கைதட்டினார்கள். எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முகவரியே கொடுத்திருப்பேன்: தெருவில் கடைசி வீடு, மூன்றே சுவர். கதவைத் தட்ட வேண்டாம், நான் திறந்துவைத்த பக்கமாகவே உள்ளே போகலாம்.