உயிரோடு இருந்தவளுக்கு ஒப்பாரி

கேத வீட்டில் முதலில் பிணப் பெட்டிக்குள் யார் என்று பார்க்க வேண்டும். பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பேரன் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

பேச்சி என் கூட்டாளி. மார்க்கையன்கோட்டையில் ஒரே தெரு. அஞ்சாவதோடு இரண்டு பேருக்கும் படிப்பு முடிந்தது. பெரியவர்கள் வயலில் நாற்று நடும்போது நாங்கள் வரப்பில் எழவு விளையாடுவோம். (மற்ற பிள்ளைகள் கல்யாணம் விளையாடின. எங்கள் புத்தி அப்படி.) ஒருத்தி வாழை இலையில் பிணமாகப் படுக்க வேண்டும். இன்னொருத்தி மாரில் அடித்துப் பாட வேண்டும். பிணம் சிரித்தால் தோற்றது. பேச்சி ஒரு நாளும் ஜெயித்ததில்லை. நான் மூக்கைச் சிந்தினாலே சிரித்துவிடுவாள்.

அவளை உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு ஒரே ஒரு தடவை வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தேன். "மாமியா பழைய சோத்தக்கூட அளந்துதான்டி போடுது" என்றாள். அதற்குள் அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டுவிட்டார். அதோடு சரி.

நான் ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள். விடியும் முன்னே ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இறங்குவோம். போன வருசம் ஒரு நாள் உத்தமபாளையத்தில் ரோட்டோரம் ஒரு பிளக்ஸ். அதில் பேச்சி. ஆள் உயரம். நரைத்திருந்தாள். கும்பிட்ட கை. மேலே எழுத்து. 'கண்ணீர்' வரை கூட்டிப் படித்தேன். ஜீப் தாண்டிவிட்டது. முகம் படிக்கப் படிப்பு தேவையில்லை.

"நிறுத்துண்ணே!"

"என்னடி, தூக்குவாளிய விட்டுட்டியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்கூட்டாளி போயிட்டாடி."

இறங்கினேன். அன்றைய கூலி போனது. மாலை வாங்கினேன். டீக்கடையில் கேட்டேன், "பேச்சியம்மா வீட்டுக் கேதம் எங்கண்ணே?"

"மெம்பரம்மா வீடா? அங்கன, கொட்டுச் சத்தம் கேக்குதுல்ல?"

(அவள் வார்டு மெம்பர் ஆனதே எனக்கு அப்போதுதான் தெரியும். செத்த பிறகாவது தெரிந்ததே என்று நினைத்தேன்.)

தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டேன். மாரில் அடித்துக்கொண்டு ஓடினேன். வரப்பில் பாடிய அதே ராகம் தானாக வந்தது.

"சிரிப்புக்காரி பேச்சி, சொல்லாமப் போனியேடி!
பழைய சோத்த அளந்து போட்ட பாவி மாமியாக்காரி
குத்துக்கல்லாட்டம் இருக்கையில
உன்னையாடி எமன் தூக்கணும்!"

கொட்டு நின்றது. நாற்காலியில் இருந்த ஆண்கள் எழுந்தார்கள். என் பாட்டு அவ்வளவு உருக்கம் என்று நினைத்து, கடைசி அடியை இன்னொரு தடவை பாடினேன். இன்னும் சத்தமாக.

பெட்டியின் தலைமாட்டில் இருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். பேச்சி.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து, என் வாயைத் தன் தோளில் அமுக்கினாள்.

"கூறுகெட்ட சிறுக்கி, நான் இங்கனதான்டி நிக்குறேன். செத்தது அந்தக் கெழவிடி."

மூக்கை உறிஞ்சினேன். அவள் உடம்பு குலுங்கியது. எனக்கு மட்டும் தெரியும், சிரிக்கிறாள். "பாவம், மருமக இப்பத்தான் வாய்விட்டு அழுகுது" என்றார் ஒரு பெரியவர்.

அவள் நாத்தனார் மட்டும் அழவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மதினி, யாரு இவ? எங்காத்தா போகணும்னு பாடறதுக்கு ஆளு கூட்டியாந்தீகளோ?"

வீட்டுக்காரர் பேச்சியையே பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். பேச்சி கையை எடுத்துவிட்டு விலகினாள்.

"யாருன்னே தெரியல. தெரு மாறி வந்துட்டாக போல."

என்னைத்தான் சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது. கொண்டுபோன மாலையைக் கிழவிக்கே போட்டேன். பெட்டியில் இருந்ததிலேயே பெரிய மாலை அதுதான்.

திரும்பும்போது பிளக்ஸ் முன்னால் நின்று முழுசாகக் கூட்டிப் படித்தேன். மாமியார் மறைவுக்கு மெம்பரம்மா கண்ணீர் அஞ்சலி செலுத்துகிறாராம். செத்த கிழவி மேல் மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தாள். (அழுகிறவர்களைப் பெரிதாகப் போடுவதுதான் இப்போது வழக்கமாம். ஜீப்புக்குள் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?)

இப்போது எந்தக் கேதத்துக்குக் கிளம்பினாலும் மகன் வாசலில் நிற்பான். "யாத்தா, பெட்டிக்குள்ள யாருன்னு பாத்துட்டு வாயத் தொற." மருமகள் சிரிப்பாள். ஒன்றும் புரியாத பேரனும் சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

ஜீப் தினமும் பாளையம் வழியாகத்தான் போகிறது. நான் இறங்குவதில்லை. யாரென்றே தெரியாத பொம்பளை அங்கே எதற்குப் போவது?

அந்த வீட்டில் என்னை யாரும் தடுக்காத நாள் இனி ஒன்றுதான் இருக்கிறது, அவளுக்கு முன்னால் நான் போகாமல் இருந்தால். அன்று பெட்டிக்குள் பார்த்துவிட்டுத்தான் பாடுவேன். அதே பாட்டு. நடுவில் மூக்கையும் சிந்திப் பார்ப்பேன்.

அன்றைக்குத்தான் பேச்சி முதல் தடவையாக ஜெயிப்பாள்.