சாம்ரெங் தன் செடிக்கு என்ன போட்டார்?

செடி வந்துவிட்டது, வைக்க மண் இல்லை. சாம்ரெங்கின் முதல் சிக்கல் இதுதான்.

முப்பத்திநாலு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக ஓடிக்கொண்டே இருந்த மனிதர். காலடியில் மண் பட்ட நாட்களே குறைவு. வீட்டு முற்றத்தில் இருந்த கொஞ்ச மண்ணையும் போன வருஷம்தான் ஆள் வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்து, சிமெண்ட் போட்டு மூடியிருந்தார். இப்போது அந்தச் சிமெண்டின் நடுவில் கறுப்புப் பையோடு ஒரு சாண் உயரத்துக்குக் கஞ்சா நாற்று நின்றது.

சட்டம் மாறி, வீட்டுக்கு வீடு வளர்த்துக்கொள்ளலாம் என்று ஆன மாதம் அது. சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நாற்று கொடுத்தார்கள். ரயில் கேட் தெருவில் பதினேழு வீடு, பதினேழு நாற்று. போன வருஷம் வரைக்கும் இதை வைத்திருந்தால் போலீஸ் வரும். இந்த வருஷம் வைத்திருக்காதவனைத் தெருவில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மற்ற பதினாறு வீட்டுக்கும் அது வேடிக்கை. சாம்ரெங் வீட்டில் அது பிழைப்பு. அவர் மனைவி லமியட் வாசலிலேயே கோழி நூடுல்ஸ் கடை நடத்தினாள். பதினெட்டு வருஷக் கடை. எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு காப்பிக் கடை முளைத்தது. அவன் சூப்பும் போட்டான், சூப்பில் கஞ்சா இலையும் போட்டான், வாசலில் இலை மாதிரி பச்சை விளக்கும் மாட்டினான். ரயிலுக்கு வருகிற கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. லமியட்டின் ஆறு மேசையில் ஐந்தில் ஈதான் உட்கார்ந்தது.

"எங்கேயோ வாங்கின காஞ்ச சருகு எனக்கு வேணாம். நம்ம வீட்டுப் பச்சை இலை போட்டு, புரட்டாசி முடிஞ்சு வர்ற புத்த நோன்புப் பண்டிகைக்கு ஒரு பானை இறக்கணும்" என்றாள் லமியட். "அதுக்கும் ஆள் வரலேன்னா கடைய மூடிட்டு ரயோங்குக்கு மக வீட்டுக்குப் போயிடுவோம். பேரப்புள்ள சட்டைய மடிச்சுக்கிட்டு கெடக்கலாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சாம்ரெங்குக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஓய்வு பெற்ற இரண்டு வருஷத்தில் அந்தக் கடைக்கு அவர் செய்த உதவி பதினொரு கிண்ணத்தை உடைத்தது ஒன்றுதான். இந்தச் செடியையாவது வளர்த்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சத்தியமே செய்துகொண்டார். பண்டிகைக்கு நாலு மாதம் இருந்தது.

பக்கத்து வீட்டு டயர் கடை பிரசோப் நல்ல மாதிரி. பழைய டயரைப் புரட்டி அறுத்துச் செய்த தொட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினான். என்ன மண் போடலாம் என்று சாம்ரெங் கேட்டார்.

"தூங்குமூஞ்சி மரத்து இலை மண்ணுதாண்ணே. எல்லாரும் அதைத்தான் போடறாங்க" என்றான் பிரசோப்.

அந்த மண்ணை மூட்டையாகவே விற்கிறார்கள். ஆனால் ஸ்டேஷன் வாசலில் அவ்வளவு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கும்போது எவனாவது காசு கொடுத்து இலை வாங்குவானா? சாம்ரெங் இரண்டு சாக்கு அள்ளிக்கொண்டு வந்து, தொட்டி நிறைய அமுக்கி, நாற்றை நட்டார். இலை மக்கி மண்ணாக வேண்டும், அதற்கு ஆறு மாதம் ஆகும் என்கிற விவரம் அவருக்குத் தெரியாது. தொட்டிக்குள் ஈர இலை புழுங்கிச் சூடேறியது. நாலாம் நாள் விரலை விட்டுப் பார்த்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நாற்று தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

செடி எப்படி இருக்கிறது என்று தெருவில் ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பித்தார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து கேட்டார்கள். தையல்கார உரைவன் அக்கா ஒரே நாளில் மூன்று தடவை வந்தாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன சாம்ரெங், ஸ்டேஷனில் வண்டி நேரம் எழுதுகிற மாதிரி ஒரு பலகையில் எழுதி கேட்டில் மாட்டிவிட்டார். நாள் ஒன்பது. மண்: தூங்குமூஞ்சி இலை. நிலை: இரண்டு இலை மஞ்சள், ஒரு இலை தாமதம்.

பலகைக்கு நல்ல வரவேற்பு. நின்று படித்தார்கள், கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். ரயில்வே ஒழுங்கு என்றால் சும்மாவா என்று சாம்ரெங்குக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மண்ணை மாற்றினார். இலையை அள்ளிக் கொட்டிவிட்டு ஆற்று வண்டலும் கருக்கிய உமியும் கலந்து போட்டார். செடி ஒருவாறு நிமிர்ந்தது. ஆனால் வளரவில்லை. அப்போதுதான் உரைவன் அக்கா வேலி ஓரம் வந்து ரகசியம் மாதிரிச் சொன்னாள், குகைக் கோயிலில் வௌவால் எச்சம் கிடைக்கிறதாம், அதற்கு மேல் ஒரு உரமே கிடையாதாம். "நான் போட்டிருக்கேன்னு வெச்சுக்கோயேன் தம்பி" என்றாள்.

எவ்வளவு போட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மூன்று கை அள்ளிப் போட்டார். ஒரு வாரத்தில் இலை நுனியெல்லாம் நெருப்பில் காட்டிய மாதிரி கருகிச் சுருண்டது. சாம்ரெங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டிக்கெட்டைப் பார்ப்பது போலவே ஒவ்வொரு இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த ஊருக்குப் போகிற செடி இது, ஏன் இந்தப் பெட்டியில் ஏறியிருக்கிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

அவரைக் குடைந்தது வேறொரு கேள்வி. பிரசோப்பின் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தால் அவன் செடி இடுப்பு உயரத்துக்கு, எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று நின்றது. உரைவன் அக்காவின் செடி அதைவிட ஒரு கை உயரம். தவின் வாத்தியார் வீட்டுச் செடியோ கொடிக்கம்பியில் காயப்போட்ட சட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதே நாற்று, அதே வெயில், அதே மழை. தன் செடி மட்டும் ஏன் காய்ச்சல்காரன் மாதிரி நிற்கிறது?

பிரசோப்பிடமே கேட்டுவிட்டார். "உன்னோடதுக்கும் அதே இலை மண்ணுதானா?"

"அதேதாண்ணே" என்றான் பிரசோப், கையிலிருந்த டயரில் என்னவோ ஓட்டை தேடிக்கொண்டு.

மூன்றாவது யோசனை தவின் வாத்தியாருடையது. படித்தவர் என்பதால் இதில் சாம்ரெங்குக்கு நம்பிக்கை அதிகம். முட்டைக் கரைசல். ஓட்டோடு முட்டை, கரும்புப் பாகு, புளிப்புத் தயிர்பானம் ஒரு புட்டி, கள்ளுக்குப் போடுகிற ஈஸ்ட் உருண்டை ஒன்று. எல்லாவற்றையும் அடித்துக் கலந்து ஒரு வாரம் மூடி வைத்தால் பட்டமரமும் பூக்கும் என்றார் வாத்தியார். வாளித் தண்ணீருக்கு ஒரு கரண்டி. இந்த முறை அளவைச் சாம்ரெங் பலகையிலேயே எழுதி வைத்தார். மூடியைத் தினமும் ஒரு தடவை திறந்து காற்றை வெளியே விட வேண்டும் என்பதைத்தான் எழுதவில்லை, ஏனென்றால் அதை வாத்தியார் சொல்லவில்லை.

நிழலான இடம் என்று பார்த்து, டப்பாவை லமியட்டின் அடுப்புக்கு மூன்றடி தள்ளி வைத்திருந்தார். ஆறாம் நாள், கடைக்கு ஒன்பது பேர் ஒன்றாக வந்த அபூர்வமான நண்பகலில், அது வெடித்தது.

மூடி கூரையில் முட்டிக்கொண்டு கீழே விழுந்தது. அழுகின முட்டை நாற்றம் தண்டவாளம் வரைக்கும் போயிற்று. ஒன்பது பேரும் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். காப்பிக் கடைக்காரன் பெரிய மனது பண்ணி எல்லோருக்கும் மூக்கைத் துடைக்க ஈரத் துணி கொடுத்தான்.

லமியட் சுவரைக் கழுவினாள். தன் பானையையும் கழுவிக் கவிழ்த்தாள். சாம்ரெங் உதவிக்குப் போனபோது தடுத்துவிட்டு, "ஏங்க, உங்களுக்கு இது வரலேன்னா விட்டுடுங்க. நான் உங்கள ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றாள். அன்றைக்குச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. அவள் திட்டாததுதான் அவரைக் கொன்றது.

கூரையில் ஒட்டியது போக டப்பாவில் மிஞ்சிய கொஞ்சத்தை வீணாக்குவானேன் என்று செடிக்கே ஊற்றினார். பாகு வாசனைக்கு எறும்பு வந்தது. எறும்பைத் தின்ன ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கோழிகள் வந்தன. கோழிகள் டயர் தொட்டியில் ஏறிப் பாதி வேரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயின. நாள் எழுபத்தி ஒன்று, நிலை: வண்டி தடம் புரண்டது என்று எழுதினார் சாம்ரெங். அன்று பலகை முன்னால் கூட்டம் அதிகம். எல்லோருக்கும் முகத்தில் அத்தனை கவலை. பிரசோப்பின் மனைவி நாரி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, மனசை விட்டுடாதீங்க, அடுத்து என்ன போடப்போறீங்க என்று ஆவலாகக் கேட்டாள். இப்படி ஒரு தெருவில் குடியிருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சாம்ரெங்குக்குக் கண் கலங்கியது.

அடுத்ததையும் அந்தத் தெருதான் சொன்னது. சூப்பில் போடுகிற வெள்ளைச் சுவைத்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நெல்லே பச்சை பிடிக்கிறது, செடி எம்மாத்திரம் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கிள்ளிப் போட்டால் போதும் என்று ஒருவர், கைப்பிடி என்று இன்னொருவர். சாம்ரெங் நடுவாந்தரமாக ஒரு கிண்ணம் போட்டார். செடிதான் ஏற்கெனவே குற்றுயிர். மூன்றாம் நாள் காலையில் அது தொட்டி விளிம்பில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

பலகையில் அன்று அவர் ஒன்றும் எழுதவில்லை. துடைத்துத் திருப்பி மாட்டினார். லமியட் வந்து தொட்டியைப் பார்த்தாள். பிறகு ரயோங்கில் இருக்கும் மகளோடு கைபேசியில் பேச உள்ளே போனாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் மதியம் கேட்டை ஆட்டும் சத்தம் கேட்டது. பிரசோப் நின்றுகொண்டிருந்தான், கையில் ஒரு கட்டுக் கஞ்சா இலை, இப்போதுதான் பறித்தது. அவன் பின்னால் உரைவன் அக்கா ஒரு கூடையோடு. அதற்குப் பின்னால் வாத்தியார். வரிசையாகப் பதினாறு வீடும் வந்தது. லமியட் அக்கா பானைக்கு இருக்கட்டும் என்றார்கள், யாரும் சாம்ரெங்கின் முகத்தைப் பார்க்கவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் அவர். லமியட் முந்தானை மாதிரி துணியை விரித்து இலையை வாங்கினாள்.

மறுநாள் பானை கொதித்து, பச்சை இலை வாசனை நடைமேடை வரைக்கும் போனது. கோயிலிலிருந்து திரும்பின கூட்டம் அப்படியே உள்ளே நுழைந்தது. ஆறு மேசையும் நிறைந்து, முற்றத்தில் பாய் விரித்து, அதிலும் இடமில்லாமல் டயர் தொட்டி விளிம்பில்கூட ஆள் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டாவது பானை. காப்பிக் கடைக்காரனே வந்து ஓரமாக நின்று ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். லமியட் கரண்டியும் கையுமாக, வியர்வையைத் துடைக்க நேரமில்லாமல், சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிச் சிரித்துச் சாம்ரெங் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவரால் பொறுக்க முடியவில்லை. முற்றத்தின் நடுவில் போய் நின்று, தெரு மொத்தத்தையும் பார்த்துக் கைகூப்பினார்.

"என் செடி பிழைக்கல. அது என் கைராசி. நீங்க போட்டதையேதான் நானும் போட்டேன், உங்க கைக்கு அது வெளஞ்சிருக்கு. எனக்கு எதையும் ஒளிக்காம சொல்லிக் குடுத்தீங்க, இப்போ இலையும் குடுத்து என் வீட்டக் காப்பாத்திட்டீங்க. இந்தக் கடன நான் எப்படித் தீர்ப்பேன்?"

பிரசோப் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டான். உரைவன் அக்காவுக்குத் திடீரென்று புரையேறியது. வாத்தியார் எழுந்து ரயில் வருகிறதா என்று பார்க்கப் போனார். நாரிக்கு மட்டும் இவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. வாயிலிருந்த நூடுல்ஸை விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க எங்கண்ணே போட்டோம், எங்களுக்கெல்லாம் வெறும் மழைத் தண்ணிதான், எதுவா இருந்தாலும் முதல்ல உங்களுக்குச் சொல்லிக் குடுத்து, உங்க செடி பிழைச்சா நாங்களும் போடலாம்னுதான் தெருவே காத்துக்கிட்டு இருந்துச்சு."