அதை நானும் கீறுவன்

ஆண்டவன் படைத்த மனிதர்களில் ஒரு வகையினர், எதையும் செய்யாமலே எல்லாம் செய்யக்கூடியவர்கள். இவர்களுக்கு நான் 'நானும்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இரண்டு மூன்று பேரைத் தெரிந்திருக்கும். ஒருவரையும் தெரியாது என்றால் கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம். அதைப் பிறகு பார்ப்போம்.

நானும்காரர் கோயிலுக்கு வந்தால் முதலில் சுவாமியைப் பார்க்கமாட்டார், மாலையைப் பார்ப்பார். "உதென்ன, பூவை வைச்சு நூலால சுத்துறதுதானே, நானும் கட்டுவன்" என்பார். நண்பர் வீட்டுப் பின்வளவில் புதிதாகப் பலகைத் தளம் போட்டிருந்தால் காலால் இரண்டு தட்டுத் தட்டி, "நாலு பலகை, கொஞ்சம் ஆணி, ஒரு பின்னேர வேலை" என்பார். அரங்கேற்றத்துக்குப் போனால் மிருதங்கக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்து, இடைவேளையில் தன் தொடையில் தட்டிக் காட்டுவார். மாலை கட்டினாரா? பலகை அடித்தாரா? இல்லை. சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுப்பார். ஆனால் அவரைப் பொய்யர் என்று சொல்லக்கூடாது. செய்து பார்த்தால்தானே பொய்யா மெய்யா என்று தெரியவரும்?

மெல்பேர்னில் நாங்கள் இருக்கிற ரோவில் என்ற பகுதியில், சச்சிதானந்தன் அண்ணை இந்த வகையில் முதலாம் இடம். தங்கமான மனிதர், பிறருக்கு ஒன்றென்றால் ஓடி வருவார். வாய்தான் கொஞ்சம் நீளம். அவருடைய மகள் நிரூபா ஓவியம் பழகிய பிள்ளை. சிட்னியில் இருக்கிற தொமிசாவா என்ற ஜப்பானிய ஓவியர், ஒரு வருடம் தன்னோடு இருந்து பழக வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டிருந்தார். தகப்பன் ஓம் என்றால் சிட்னி, இல்லையென்றால் தகப்பன் பார்த்து வைத்திருக்கிற வங்கி வேலை. அந்த நேரம் பார்த்து ஓவியரின் கண்காட்சி மெல்பேர்னுக்கு வந்தது. "படத்தைப் பார்த்திட்டுத்தான் முடிவு சொல்லுவன்" என்றார் அண்ணை. அவர் மனைவி யோகா, துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் அந்தச் சனிக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டாள்.

முருகா, படத்தில் ஒரு மலையாவது ஒரு மீனாவது இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். முருகனுக்கு அன்றைக்கு வேறு வேலை போலும். சுவரளவு வெள்ளைத் துணி, நடுவில் நீலத்தில் ஒரு கோடு. அடுத்ததிலும் ஒரு கோடு. மண்டபம் முழுக்க அப்படியே.

நிரூபாதான் விளங்கப்படுத்தினாள். தொமிசாவா இளவயதில் கடலும் மலையும் அச்சுப்போலக் கீறிப் பெயர் எடுத்தவராம். வாங்குவதற்கு ஆட்கள் காத்துக்கிடந்த காலத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டாராம். அன்றுமுதல் தினமும் காலையில் ஒரே தூரிகை, ஒரே நீலம், ஒரே ஒரு கோடு. நல்லதாக வந்ததா என்று திரும்பிப் பார்ப்பதும் இல்லையாம். எனக்கு என்ன தெரியும்? ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்றைப்போல மற்றது இல்லை. ஒன்று நித்திரை கலையாத கோடு. ஒன்று யாரோடோ கோபித்துக்கொண்டு கீறியது. ஒன்று, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்து கீறியதைப்போல அமைதியாகக் கிடந்தது.

அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கிட்டப் போனார், தள்ளி வந்தார், கழுத்தைச் சரித்தார், திரும்பவும் கிட்டப் போனார். எங்களுக்கு விளங்கிவிட்டது, வரப்போகிறது என்று.

"உதை நானும் கீறுவன்."

"அப்பா, ப்ளீஸ். மெதுவா."

"உள்ளதைத்தானே சொல்லுறன் பிள்ளை. உதைப் பழக ஒரு வருசமோ?"

பின்னால் கறுப்புச் சட்டையோடு ஒரு குள்ளமான கிழவர் நின்றார், தொமிசாவாவேதான். ஐயா என்ன சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்டார். நிரூபாவின் சிட்னி அவள் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. யோகா கைப்பைக்குள் எதையோ தேடினாள். கடைசியில் அண்ணையே, பயமென்ன என்று, ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

தொமிசாவா கோபிக்கவில்லை. தொலைந்துபோன உறவுக்காரரைக் கண்டதுபோல முகம் மலர்ந்தார். "ஆம், நீங்களும் கீறலாம். யாரும் கீறலாம். இத்தனை வருடமாக இதைத்தான் சொல்கிறேன், ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. கண்காட்சி முடியும்வரை தினமும் காலை ஏழு மணிக்கு இங்கேதான் கீறுகிறேன். நாளைக்கு வாருங்கள், எனக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு துணி விரித்து வைக்கிறேன்."

தன்னை மறுத்துப் பேசுகிறவர்களுக்கு அண்ணையிடம் ஆயிரம் மறுமொழி உண்டு. ஒத்துக்கொள்கிற மனிதரை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

"நாளைக்குப் புல்லு வெட்டவேணும்" என்றார்.

"திங்கட்கிழமை?"

"வேலை."

"புதன்கிழமை?"

"புதன்கிழமை எனக்கு முதுகு நோகும்."

"இஞ்சாருங்கோ," என்றாள் யோகா, "முன்கூட்டியே நாள் வைச்சோ நோகிறது?"

தொமிசாவா மட்டும் சிரிக்கவில்லை. "கோடு கீறுவது இலகு" என்றார். "நேற்றுக் கீறியதை மறந்துவிட்டு இன்றைக்கும் வந்து நிற்பதுதான் கொஞ்சம் கஷ்டம். எனக்கும் முதுகு நோகும்."

நிரூபா ஓரடி முன்னால் வந்தாள். "நாளைக்கு ஏழு மணிக்கு நான் வாறேன்" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது, யார் எப்படி ஓடினாலும் "உப்பிடியே கார் ஓடுறது?" என்கிற மனிதர், குறுக்கே வெட்டிப் போனவனைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. ரோவிலுக்குத் திரும்புகிற சிக்னலில் நிற்கும்போதுதான் வாய் திறந்தார்.

"சிட்னியிலயும் விடியக் குளிரும் பிள்ளை. அந்தத் தடிச்ச ஜம்பரைக் கொண்டு போ."

"ஓகே அப்பா" என்றாள் நிரூபா. யோகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அண்ணை திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நிரூபா சிட்னிக்குப் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, கோயில் குசினியில் நான் அவித்த மோதகத்தைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "மாவைப் பிடிச்சு உள்ளுக்குப் பயறை வைக்கிறதுதானே, இதை நானும்..."

"ஓம் அண்ணை, நீங்களும் செய்யலாம். வாற வெள்ளி விடிய அஞ்சு மணிக்குக் கோயில் குசினிக்கு வாங்கோ."

மோதகத்தை இன்னொருமுறை உருட்டினார். "நிரூபா நேற்று போன் எடுத்தவள்" என்றார். "அஞ்சு மணிக்கே எழும்பிறாளாம்."

சரி, இனி உங்கள் கதைக்கு வருவோம். இவ்வளவையும் வாசித்துக்கொண்டு வந்த நீங்கள், நடுவில் எங்கேயோ, "இதென்ன பெரிய எழுத்து, தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடிச்சு நாலு பகிடி விடுறதுதானே, இதை நானும்..." என்று நினைத்தீர்கள்தானே? எனக்குக் கோபமில்லை. ஓம், நீங்களும் எழுதலாம். நாளை விடிய எழும்பி ஒன்று எழுதுங்கள். திங்கட்கிழமையும் எழுதுங்கள். முதுகு நோகாவிட்டால், புதன்கிழமையும்.