கேலனுக்குப் பதினாலு

சாயங்காலம் மணி ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது. ஹாலிஸ் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு மனைவி ஜோலீனைப் பார்த்தார்.

"நான் குளிச்சிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு."

"நேத்தும் குளிச்சீங்க, முந்தாநாளும் குளிச்சீங்க. உங்க மச்சான் உங்களுக்கு ஏதோ தோல் வியாதின்னு நெனைக்கப் போறாரு," என்று சொல்லிக்கொண்டே ஜோலீன் போனை எடுத்து அவர் காதோடு வைத்து அழுத்தினாள்.

"மாப்ள," என்றது மறுமுனை. "எட்டு பாயின்ட் ஆறு."

அவ்வளவுதான் விசாரிப்பு. ஹாலிஸின் அக்கா ஐர்மாவைக் கட்டிக்கொண்ட நாற்பத்தோரு வருஷத்தில் வெர்லின் ஒரு தடவைகூட 'நல்லா இருக்கியா' என்று மச்சினனிடம் கேட்டதில்லை. இருநூற்றைம்பது மைல் மேற்கே, கிம்பால் ஊருக்கு வெளியே அவருடைய பண்ணை. மழை பெய்ததா, கோதுமை அறுத்தாச்சா என்று வருஷத்துக்கு இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐர்மாதான் பேசுவாள். போன ஜனவரியில் அவள் இறந்துபோனாள்.

"போன வாரம் ஒம்போதுன்னீங்களே மச்சான்," என்றார் ஹாலிஸ்.

"நீ சொன்ன மாதிரி டயர்ல காத்து ஏத்துனேன். கொறஞ்சு போச்சு. டிரெய்லர் குதிச்ச குதியில உள்ள இருந்த தட்டுல பாதி ஒடஞ்சிருச்சு. நீ எவ்வளவு காத்து வைக்கிற?"

ஹாலிஸ் கண்ணை மூடிக்கொண்டார். "எண்பது."

"நானும் எண்பதுதான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே டீசல் எஞ்சின். டிரெய்லரை மாட்டி இழுத்தா கேலனுக்கு உனக்குப் பதினாலு மைல் குடுக்குது, எனக்கு எட்டு பாயின்ட் ஆறு. வண்டி மேல தப்பு இல்ல மாப்ள. என் கால் மேலதான் தப்பு. ஐர்மா சொல்லுவா, நீங்க பெடலை மிதிக்கல, ஒதைக்கிறீங்கன்னு."

ஹாலிஸ் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தார். ஏனென்றால் அந்தப் பதினாலு பொய்.

அவர் பிக்கப் வண்டியும் ஒன்பதுதான் கொடுக்கும். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே வைத்த ஒரு சக்கர வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு, நெப்ராஸ்காக் காற்றில் போகிற எந்த டீசல் வண்டியும் ஒன்பதுதான் கொடுக்கும். காற்று நல்ல மனநிலையில் இருந்தால் பத்து. ஆனால் அவர் ஊரான கியர்னியில், தானியக் கூட்டுறவுக் கிடங்கில் காலைக் காப்பி குடிக்கிற மேசையில் அதை யாரும் சொல்ல முடியாது. அங்கே மைலேஜ் என்பது பிடித்த மீனின் நீளம் மாதிரி. ரூடி பன்னிரண்டு என்பார். கிளெட்டஸ் பதிமூன்று என்பார். மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறந்து ஒன்பது என்றால் அப்புறம் காப்பி இறங்குமா. அதனால் ஹாலிஸ் ஆறு வருஷமாகப் பதினாலு சொல்லி வந்தார். அவரவர் பொய் அவரவருக்குத் தெரியும். அடுத்தவன் பொய்யைத்தான் பாதி நம்பிவிடுவார்கள்.

ஐர்மாவை அடக்கம் செய்த அன்று, சர்ச்சின் கீழ்த்தளத்தில், ஆளுக்கொரு தட்டில் பன்றித் தொடைக்கறியை வைத்துக்கொண்டு ஹாலிஸும் வெர்லினும் எதிரெதிரே நின்றார்கள். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் வெர்லின், "வண்டி எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டார். பழக்க தோஷத்தில் ஹாலிஸ், "பதினாலு," என்றார்.

ஏப்ரலில் வெர்லின் போன் செய்தார். "மாப்ள, உன் வண்டி மாதிரியே ஒண்ணு வாங்கிட்டேன். இருபத்தெட்டு அடி டிரெய்லரும் எடுத்தாச்சு. ஐர்மா எப்பவும் மலைப்பக்கம் போகணும்பா." மறுநாளும் போன். "பதினாலு வரல மாப்ள." அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு.

இப்போது அக்டோபர்.

"உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்," என்றாள் ஜோலீன், போனை வைத்ததும். "ஒம்போதுதான்னு ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தையா அது. என் பேச்சை நம்பி வண்டி எடுத்திருக்காரு மனுஷன். தன் காலையே குத்தம் சொல்லிக்கிறாரு. நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அப்புறம் என் மூஞ்சில முழிப்பாரா? அக்கா வழியில மிச்சம் இருக்கறது அவரு ஒருத்தருதான் ஜோ. போன்கூடப் பண்ணமாட்டாரு."

"பண்ணாட்டி உங்களுக்குக் குளிக்கற வேலை மிச்சம்."

சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐர்மா அவளுக்கும் சொந்த அக்கா மாதிரிதான்.

மறுநாள் காப்பி மேசையில் ஹாலிஸ் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார். "ஒருத்தருக்கு மைலேஜ் கம்மியா இருந்தா என்ன பண்றது?"

"ஒருத்தருக்கா, ஒனக்கா?" என்றார் கிளெட்டஸ்.

"எனக்கு ஏன்யா கொறையுது. எனக்குப் பதினாலு."

"அம்பத்தஞ்சுக்கு மேல ஓட்டவேணாம்னு சொல்லு," என்றார் ரூடி.

"பிக்கப்போட பின்கதவைக் கழட்டச் சொல்லு," என்றார் கிளெட்டஸ். "காத்து உள்ள மாட்டிக்காம பின்னால போயிடும்."

ஹாலிஸ் இரண்டையும் வெர்லினுக்குச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"அம்பத்தஞ்சுல போனேன் மாப்ள. லாரிக்காரனுங்க ஹாரன் அடிச்சே என்னைக் கொன்னுட்டானுங்க. ஒரு பள்ளிக்கூட பஸ் என்னை முந்திக்கிட்டுப் போச்சு. புள்ளைங்க எல்லாம் பாவம்னு கையாட்டுச்சுங்க."

"மைலேஜ்?"

"எட்டு பாயின்ட் மூணு."

"பின்கதவு?"

"கழட்டுனேன். ஐஸ் பெட்டியும் ரெண்டு நாற்காலியும் நெடுஞ்சாலையோட போச்சு. எட்டு."

ஹாலிஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். தன் ஒரு பொய்யால் ஒரு வயசான மனிதன் தட்டை இழந்து, நாற்காலியை இழந்து, ஊர்ப் பிள்ளைகளின் பரிதாபத்துக்கு ஆளாகி நிற்கிறார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பொய்யைத் திருப்பி எடுக்க முடியாது. உண்மையாக்கிவிட்டால் என்ன? எப்படியாவது ஒரே ஒரு தடவை பதினாலு எடுத்துவிட்டால், எடுத்த விதத்தை மச்சானுக்குச் சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை காலை தன் டிரெய்லரைக் காலி செய்தார். தண்ணீர் டேங்கைத் திறந்துவிட்டார். இரும்புச் சட்டிகளை இறக்கினார். மெத்தையை உருட்டிப் புல்லில் போட்டார். கக்கூஸ் கதவையும் கழற்றினார், அதுவும் எடைதானே.

ஜோலீன் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "நானும் எறங்கிக்கணுமா?"

"நீ ஏறவே இல்லியே."

"ஏறமாட்டேன். கதவில்லாத கக்கூஸை வச்சுக்கிட்டு எவ வருவா."

டீசல் டேங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு லெக்சிங்டன் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். பெரிய லாரியின் பின்னால் ஒட்டிப் போனால் காற்று அடிக்காது என்று ரூடி சொல்லியிருந்தார். ஊர் எல்லையில் ஒரு லாரி அகப்பட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மைல் போன பிறகுதான் அது மாட்டு லாரி என்று தெரிந்தது. நாற்பது மாடுகள், எல்லாம் நன்றாகத் தின்றவை. முன்கண்ணாடி பச்சையாயிற்று. வைப்பரைப் போட்டார், பச்சை சமமாகப் பரவிற்று. வெளியேறும் வழியைக் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு, லாரியோடு சேர்ந்து கறித் தொழிற்சாலையின் எடை மேடைக்கே போய் நின்றார்.

"எத்தனை தலை?" என்று கேட்டான் அங்கிருந்தவன், காகிதத்திலிருந்து நிமிராமல்.

"ஒண்ணுதான். அதுவும் வேலை செய்யல," என்றார் ஹாலிஸ்.

வீட்டுக்கு வரும் வழியில் டேங்கை நிரப்பி, ஓடிய மைலைக் கேலனால் வகுத்தார். எட்டு பாயின்ட் ஏழு. சுமையோடு போனதைவிடக் குறைவு. புல்லில் கிடந்த மெத்தையில் இதற்குள் மழை பெய்திருந்தது.

ஆறரைக்குப் போன் அடித்தது. இந்தத் தடவை ஹாலிஸே எடுத்தார்.

"மாப்ள, ஏழு பாயின்ட் ஒம்போது," என்றார் வெர்லின். "வேற என்ன பண்ணலாம்?"

ஹாலிஸ் களைத்துப் போயிருந்தார். மேலெல்லாம் சாணி வாடை. "மச்சான், எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிட்டேன். இனிமே இதைப் பத்திப் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."



"ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல மச்சான்."

"ஆயில் மாத்தறதப் பத்தி?"

"அது ஆகஸ்ட்லயே பேசிட்டோமே."

"ஆமா, பேசிட்டோம்." வெர்லின் தொண்டையைக் கனைத்தார். "சரி. அப்ப வண்டியை வித்துடறேன். இனி எதுக்கு அது. வர்ற சனிக்கிழமை ஒருத்தன் பாக்க வர்றான்."

போனை வைத்த பிறகும் ஹாலிஸ் எழுந்திருக்கவில்லை. ஜோலீன் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"கக்கூஸ் கதவை மாட்டுங்க," என்றாள் கடைசியில். "வெள்ளிக்கிழமை போறோம். மொகத்துக்கு நேரா சொல்லிடுங்க."

"டிரெய்லரோட போவோம். அவரு கண்ணு முன்னாடியே டீசல் நிரப்பி, வகுத்துக் காட்டறேன். வண்டி மேலயும் தப்பு இல்ல, உங்க கால் மேலயும் தப்பு இல்ல, என் வாய் மேலதான்னு."

வெள்ளிக்கிழமை முழுக்க மேற்குக் காற்று. வண்டி மூக்கைத் தள்ளிக்கொண்டு போயிற்று. வழியெல்லாம் ஹாலிஸ் பாடம் ஒப்பித்தார். ஜோலீன் வெர்லினாக இருந்து கேட்டாள்.

"மச்சான், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு மாப்ள."

"அவரு இவ்வளவு சட்டுன்னு கேக்கமாட்டாரு. கொஞ்சம் மொறைச்சுப் பாரு."

அவள் முறைத்தாள். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், நன்றாகவே வந்தது. ஹாலிஸுக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று.

கிம்பால் வந்ததும் பம்பில் நிறுத்தி நிரப்பி வகுத்தார். ஏழு பாயின்ட் நாலு. கணக்கு எழுதிய பம்புச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெர்லின் வாசலுக்கு வந்தார். சட்டைக் கழுத்தில் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது. அவ்வளவு இளைத்திருந்தார். டிரெய்லரைப் பார்த்தார், ஹாலிஸைப் பார்த்தார், மறுபடி டிரெய்லரைப் பார்த்தார். ஏதோ பயந்தவர் மாதிரி இருந்தது.

ஒப்பித்தது எதுவும் ஹாலிஸுக்கு நினைவில்லை. சீட்டை நீட்டினார். "பதினாலு பொய் மச்சான். ஒருநாளும் பதினாலு குடுத்ததில்ல. ஒம்போதுதான். இன்னைக்கு ஏழு பாயின்ட் நாலு. உங்க கால் மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான், அன்னைக்கு, சர்ச்ல, என்ன பேசறதுன்னு தெரியாம..."

வெர்லின் சீட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். கோபம் வரும் என்று ஹாலிஸ் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். வரவில்லை.

"எதிர்க்காத்துல ஏழு பாயின்ட் நாலு மோசமில்ல," என்றார் வெர்லின்.

"நாளைக்கு அந்த ஆளு வந்தா வேணாம்னு சொல்லிடுங்க மச்சான். வண்டியை விக்காதீங்க."

"அவன் வரமாட்டான்." வெர்லின் எங்கேயோ பார்த்தார். "சில்லிக் கறிக்கொழம்பு வச்சிருக்கேன். ஒரு ஆளுக்குத்தான் வச்சேன். இருங்க, தண்ணி ஊத்திப் பெருசாக்கறேன். ரெண்டு நாள் இருப்பீங்கல்ல?"

"நாலு நாள் இருப்போம்," என்றாள் ஜோலீன். வெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அடுப்படிக்குள் போனாள். அவர் அந்தக் கையை விடவில்லை என்பதை ஹாலிஸ் பார்த்தார்.

பக்கத்துப் பண்ணை ஆக்னஸ் ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டியைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள். வெள்ளிக்கிழமை சில்லி என்றால் சேர்த்துத் தின்ன அவள் ரொட்டி வரும் போலிருக்கிறது.

ஹாலிஸ் கை கொடுத்து, தான் ஐர்மாவின் தம்பி என்றார். மனசு லேசாகியிருந்தது. யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது.

"அவரு டிரெய்லர் எங்கம்மா நிக்குது? உள்ள தட்டெல்லாம் ஒடஞ்சு கெடக்காம். அவரு சில்லி காய்ச்சி முடிக்கறதுக்குள்ள நான் கூட்டி அள்ளிப் போட்டுடறேன்."

"டிரெய்லரா?" என்றாள் ஆக்னஸ். "வெர்லின்கிட்ட ஏதுங்க டிரெய்லர்? அந்தப் பிக்கப்பே வாங்கின நாள்லேர்ந்து கொட்டகையை விட்டு நகரல, சாயங்காலம் ஆறரை ஆனா மனுஷன் அதுக்குள்ள ஏறி உக்காந்து, யார்கிட்டயோ போன்ல மைலேஜ் பேசிக்கிட்டு இருப்பாரு."