கேஜன் மாப்பிள்ளை

"மாப்பிள்ளை சொல்லட்டும். நமக்கு இதுல என்ன தெரியும்?" என்று மாமியார் மெனு கார்டை அப்படியே இன்ஜினியர் பக்கம் தள்ளிவிட்டார்.

மனைவியும் தன் கார்டை மூடி வைத்தாள். மச்சினன் கார்டைத் திறக்கவே இல்லை. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டு இன்ஜினியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களே சொல்லுங்க மாமா. நம்ம ஊர்ல கேஜன் சாப்பாட்டை அந்த ஊருக்கே போய்ச் சாப்பிட்ட ஒரே ஆள் நீங்கதானே?"

பயல் மாட்டிவிடத்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று இன்ஜினியருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

இன்ஜினியருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மக்கர் செய்து நிற்கிற லிஃப்டுகளைச் சரிசெய்வதில் அவர் கெட்டிக்காரர். கல்யாணமான புதிதில் கம்பெனி அவரைப் பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்பியது. வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே காலையில் ரொட்டி, மதியம் அவித்த முட்டை, இரவில் இரண்டும் சேர்த்து. இதைத் தவிர அவர் அங்கே எதையும் கண்டதில்லை.

திரும்பி வந்த அன்று மாமியார் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. "அங்க என்ன மாப்பிள்ளை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்கள். அத்தனை பேர் ஆவலாகப் பார்க்கும்போது ரொட்டியும் முட்டையும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. விமானத்தில் புரட்டிய பத்திரிகை ஒன்றில் கேஜன் என்கிற சமையலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படம் போட்டிருந்தது ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் தென்கோடியில், ஆறும் சேறும் கடலும் ஒன்றாகக் கலக்கிற இடத்துச் சமையல். அவர் இருந்த பனி ஊருக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

"கேஜன்," என்றார் இன்ஜினியர். "தினமும் கேஜன்தான்."

அன்று ஆரம்பித்தது. வீட்டில் யாருக்குக் காது குத்தினாலும், யார் ரிட்டையர் ஆனாலும், சாப்பாட்டு நேரத்தில் யாராவது "மாப்பிள்ளை, அந்தக் கேஜன் கதையைச் சொல்லுங்களேன்" என்பார்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார். பத்து வருஷத்தில் கதை எங்கேயோ போய்விட்டது. எது பத்திரிகையில் பார்த்தது, எது தானாக வாயில் வந்தது என்று அவருக்கே இப்போது பிரிக்கத் தெரியாது. சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பெயரே கேஜன் மாப்பிள்ளை.

யாராலும் சரிபார்க்க முடியாத பெருமை என்பதால் நிம்மதியாக இருந்தார். போன மாதம், டயர் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில், சிவப்பு எழுத்தில் 'கேஜன் கிச்சன்' என்று போர்டு மாட்டும்வரை.

மச்சினன் போன் செய்தபோது முதலில் பல்வலி என்றார். மனைவி பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்றார். "உங்க ஆபீஸ்ல கேட்டுட்டேன் மாமா, இன்னிக்கு எல்லா லிஃப்டும் ஓடுதாம்," என்றான் மச்சினன். வந்து உட்கார்ந்தாயிற்று.

"என்ன சார் கொண்டுவரட்டும்?" என்று சர்வர் வந்து நின்றார்.

கார்டில் இருந்த பெயர்களைப் பார்த்து இன்ஜினியருக்குத் தலை சுற்றியது. எதையாவது கேட்டு, அது பாயசம் மாதிரி ஏதோவாக வந்து நின்றால் மானம் போய்விடும். சட்டென்று கார்டை மூடினார்.

"கேஜன்ல கார்டைப் பார்த்து ஆர்டர் பண்ற பழக்கமே கிடையாதுப்பா. உட்கார்ந்தா அவங்களே கொண்டுவந்து வெப்பாங்க."

தப்பித்தோம் என்று நினைத்தார். சர்வர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தலையை ஆட்டினான்.

"அப்போ எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு கொண்டுவர்றோம் சார்," என்று சொல்லிவிட்டு சர்வர் போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சர்வர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோர் கையிலும் கரண்டி. மேசையைச் சுற்றி நின்றுகொண்டு கரண்டியால் மேசை விளிம்பில் டங் டங்கென்று தட்டி, "ஹோ!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். இன்ஜினியர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"என்னய்யா இது!"

"ஏங்க, நீங்கதானே சொல்வீங்க?" என்றாள் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக. "சாப்பாடு வைக்கிறதுக்கு முன்னாடி கரண்டியால தட்டி ஹோன்னு கத்துவாங்கன்னு."

"சொன்னேனா?"

"இதோ இவன் நிச்சயதார்த்தத்துல சொன்னீங்களே. மறந்துட்டீங்களா?"

"மறப்பேனா? சத்தம் பத்தலையேன்னு பார்த்தேன்," என்றார் இன்ஜினியர்.

சர்வர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி தட்டினார்கள். இந்தத் தடவை "ஹோ!"வில் பக்கத்து மேசைக் குழந்தை வீரிட்டு அழுதது.

முதலில் கும்போ என்று ஒன்று வந்தது. கிண்ணத்தில் கருஞ்சிவப்புக் குழம்பு, நடுவில் ஒரு கை சோறு, அங்கங்கே இறாலும் வெண்டைக்காயும். ஆவி பறந்தது.

"இதை எப்படி மாப்பிள்ளை சாப்பிடணும்? ஸ்பூனா, கையா?" என்று கேட்டார் மாமியார்.

"நெட்ல பார்த்தா எல்லாரும் ஸ்பூன் வெச்சுதான் சாப்பிடறாங்கம்மா," என்றான் மச்சினன். "ஆனா மாமா நேர்ல பார்த்தவர். அவர் சொல்றதுதான் சரி."

கிண்டலைப் பார், என்று இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. விட்டுக்கொடுக்க முடியுமா? "நெட்டுல போடறதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு. அசல் ஆளுங்க கைதான்," என்றார்.

மாமியார் மாப்பிள்ளை சொல்லைத் தட்டாதவர். ஐந்து விரலையும் கிண்ணத்தில் விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். எடுத்த வேகத்தில் ஒரு வெண்டைக்காய் பறந்து போய்ப் பின்மேசைக்காரர் தோளில் உட்கார்ந்தது.

"அம்மா!" என்று மனைவி தண்ணீர் ஜாடியில் மாமியாரின் கையை முக்கினாள்.

"ஒண்ணுமில்லடி, சூடு நல்லதுதான்," என்று மாமியார் கண்ணில் நீரோடு சொன்னார். "இதைத் தினமும் எப்படி மாப்பிள்ளை சாப்பிட்டீங்க? உங்க கையெல்லாம் என்னத்துக்கு ஆகியிருக்கும்!"

"பழகிடும் அத்தை."

"டேஸ்ட் எப்படி மாமா இருக்கு?" என்று மச்சினன் குனிந்து கேட்டான். கண் இமைக்கவில்லை அவன்.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக இருக்கிறது என்றால், எது நன்றாக இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். "பரவாயில்ல" என்று இழுத்தார். மச்சினன் முகம் சுருங்கியது. மடக்க முடியவில்லையே என்கிற வருத்தம் போலிருக்கிறது என்று இன்ஜினியருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அடுத்து மீன் வந்தது. தட்டில் வைத்ததைப் பார்த்தால் அடுப்பிலிருந்து கரியைப் பெயர்த்து எடுத்து வந்தது போல இருந்தது.

"என்னப்பா இது, கருகிப் போச்சு! எடுத்துட்டுப் போ. வேற கொண்டா."

சர்வர் திகைத்தார். மச்சினனும் திகைத்தான். "மாமா, அது வந்து... கருகினாத்தான் கேஜன்னு..."

"கருகினது கருகினதுதான். போப்பா."

சர்வர் எடுத்துக்கொண்டு ஓடினார். மனைவி இன்ஜினியரின் காதருகே வந்தாள். "என்னங்க, நீங்கதானே மீனைக் கரியாட்டம் ஆக்கிடுவாங்க, உள்ளே வெண்ணெயா உருகும்னு சொல்வீங்க? எங்க பெரியப்பா அறுபதாம் கல்யாணத்துல."

பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தது இப்போதுதான் இன்ஜினியருக்கு நினைவு வந்தது. வேர்த்துவிட்டது. சமாளிக்க வேண்டுமே.

"அதைத்தான் நானும் சொல்றேன். இது பத்தாது. இது என்ன கருகல்? கருகினா ஒழுங்கா கருகணும்!"

மச்சினன் எழுந்து உள்ளே ஓடினான். திரும்பி வரும்போது அவனுக்குப் பின்னால் புகை வந்தது. புகைக்குப் பின்னால் சர்வர் வந்தார். தட்டில் மீன் எது, தட்டு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நல்லா கருக்கிட்டோம் சார்."

மேசையே இருமியது. இன்ஜினியர் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். பல் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

இதற்குள் அந்தக் கூடத்தில் பாதிப் பேர் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோளில் வெண்டைக்காய் வாங்கிய பின்மேசைக்காரர் மெல்ல எழுந்து வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று இன்ஜினியர் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவரோ மரியாதையாகக் குனிந்தார்.

"சார், நீங்க அந்த ஊர்ல இருந்தவரா?"

"ரொம்ப காலம்," என்றார் இன்ஜினியர்.

"நாங்க முதல் தடவையா வந்திருக்கோம். இது அசல்தானா? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அப்போதுதான் இன்ஜினியருக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு நேரம் இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. இந்த ஓட்டலே போலி என்று சொல்லிவிட்டால்? அப்புறம் யார் எந்தத் தட்டைக் காட்டி எதைக் கேட்டாலும், "இது கேஜனே இல்லை" என்று ஒரே போடு. மச்சினன் வாயும் அடைத்துவிடும்.

"அசலா?" என்று உரக்கச் சிரித்தார். "இதுக்கும் கேஜனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார். அந்த ஊர்க்காரன் இதைப் பார்த்தான்னா அழுதுடுவான்."

பின்மேசைக்காரர் திரும்பிப் போய்த் தன் மனைவி வாய்க்குக் கொண்டுபோன கையைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த மேசைக்குச் சேதி போனது. ஓர் அம்மாள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டே வந்து, "இந்தச் சோறு சரியா பாருங்க சார்," என்று நீட்டினார். இன்ஜினியர் முகர்ந்தார். தலையை இடவலமாக ஆட்டினார். இன்னொருவர் கிண்ணத்தோடு வந்தார். அதற்கும் அதே தலையாட்டல். தட்டுகள் நகர்த்தப்படும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வாசலில் காத்திருந்த ஒரு குடும்பம் அப்படியே திரும்பி டயர் கடைப் பக்கமாக நடந்தது.

மச்சினனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "மாமா, மெதுவா மாமா. எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டுமே! நல்லதைச் சொன்னா எல்லாரும்தான் கேக்கணும்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் மாமா. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

பத்து வருஷத்தில் மச்சினன் இப்படிக் கெஞ்சி அவர் பார்த்ததில்லை. மாட்டிவிட வந்தவன் இப்போது காலைப் பிடிக்கிறான். இன்ஜினியருக்கு மார்பு விரிந்தது. மனைவி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, இப்பேர்ப்பட்ட மனுஷனா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் எரிந்த கையை ஊதிக்கொண்டே பக்கத்து மேசையிடம், "எங்க மாப்பிள்ளைதான்," என்றார்.

இந்த நேரத்தில் எவனாவது உட்காருவானா?

"கூப்பிடுப்பா சமையல்காரரை!" என்றார் இன்ஜினியர் எழுந்து நின்று.

சமையற்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஒரு நடுத்தர வயது அம்மாள். தலையில் வெள்ளைத் தொப்பி. கண்ணாடி முழுக்க ஆவி. முன்பு ஆஸ்பத்திரி கேன்டீனில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவராம். சர்வர் ஒருவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. இன்ஜினியருக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது.

"ஏம்மா, இதெல்லாம் என்ன? எந்த ஊர்லயாவது சாப்பாட்டுக்கு முன்னாடி கரண்டியால தட்டி ஹோன்னு கத்துவாங்களா? பக்கத்துல குழந்தை பயந்து அழுவுது!"

"சொல்லிக் கொடுத்தபடிதான் சார் செஞ்சோம்."

"அந்த மீன்? அதை மனுஷன் தின்பானா?"

"கரியா ஆகணும்னு சொல்லியிருந்தாங்க சார்."

"கொதிக்கிற குழம்பைக் கையால சாப்பிடுன்னுகூட சொல்லியிருப்பாங்களே?"

"ஆமா சார்," என்றார் அந்த அம்மாள் பயந்துபோய். "அதனாலதான் எந்த மேசையிலயும் ஸ்பூன் வைக்கல."

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. உண்மைதான், ஒரு மேசையிலும் ஸ்பூன் இல்லை. அங்கங்கே சிலர் விரல்களைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சினன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"பார்த்தீங்களா சார்!" என்று இன்ஜினியர் பின்மேசைக்காரரிடம் திரும்பினார். பிறகு கூடம் முழுவதற்கும் கேட்கிற குரலில், விரலை உயர்த்திச் சொன்னார்: "அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்க்காத எவனோ ஒரு புளுகன் உங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கான். யாரும்மா அவன்? இங்க இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க!"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மச்சினனைக் காட்டினார்.

"எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதோ, வீட்டுக்குக்கூடச் சொல்லாம இந்த ஓட்டலை ஆரம்பிச்ச எங்க முதலாளிதான் சார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்களாம்."